இரண்டு பானை, இருபது ஓலை: உத்தரமேரூர் குடவோலையை வகுப்பறையில் நடத்தும் முறை

சோழர் காலத்தில் குடத்தில் பெயர் ஓலைகளைப் போட்டுக் குலுக்கி ஊர்க் குழுக்களுக்கு ஆள் எடுத்த முறைதான் குடவோலை. குடவோலை என்றதும் பல பள்ளிகளில் நடப்பது இதுதான். ஒரு பானையை வைத்து, ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் பிடித்தவர் பெயரை எழுதிப் போடச் சொல்வார்கள். எண்ணிப் பார்த்து, அதிகச் சீட்டு வாங்கியவர் பெயரை அறிவிப்பார்கள். கைதட்டலோடு ஒரு பீரியட் முடியும். அது வகுப்புத் தலைவர் தேர்தல், குடவோலை அல்ல. உத்தரமேரூர்க் கல்வெட்டில் யாரும் யாருக்கும் ஓட்டுப் போடுவதில்லை. தகுதி விதிகளால் ஊரைச் சலிக்கிறார்கள். மிஞ்சியவர்கள் பெயரை எல்லாம் ஓலையில் எழுதிக் குலுக்கி எடுக்கிறார்கள். முதலில் சல்லடை, பிறகு சீட்டு. இந்த இரண்டில் சல்லடையைத்தான் வகுப்பறைகள் விட்டுவிடுகின்றன. பாடம் இருப்பதோ அங்கேதான்.

கீழே உள்ள செய்முறை 9 முதல் 11 வரையிலான வகுப்புகளுக்கு, 45 பேர் கொண்ட ஒரு பிரிவுக்கு, மூன்று பீரியட் கணக்கில் அமைந்தது. கல்வெட்டின் விதிகளை வார்த்தை பிசகாமல் கையால் செய்துபார்ப்பதுதான் நோக்கம். நாடகம் போடுவதல்ல. வேட்டி, அங்கவஸ்திரம், ஒட்டுமீசை எதுவும் வேண்டாம். உடுப்பு வந்தால் பிள்ளைகளின் கவனம் முழுக்க அதிலேயே போய்விடும்.

கல்வெட்டிலிருந்து எடுத்துக்கொள்வது

உத்தரமேருச் சதுர்வேதிமங்கலத்துச் (இன்றைய உத்தரமேரூர்) சபை, சோழ அரசன் முதலாம் பராந்தகன் காலத்தில் செய்த இரண்டு ஏற்பாடுகள், இன்று வைகுண்டப் பெருமாள் கோயில் எனப்படும் மண்டபத்துக் கல்லில் உள்ளன. ஒன்று அரசனின் 12-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 919. மற்றது 14-ஆம் ஆட்சியாண்டு, 921. இரண்டே வருடத்தில் விதியைத் திருத்தியிருக்கிறார்கள். பாடப்புத்தகச் சுருக்கங்களில் இரண்டும் கலந்து ஒன்றாகிவிடும். வகுப்பில் தனித்தனியாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் 921-இன் விதி. ஊர் 30 குடும்பு. இங்கே குடும்பு என்பது வீட்டுக் குடும்பம் இல்லை, இன்றைய வார்டு மாதிரி ஒரு பிரிவு. இதை முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிடாவிட்டால் கடைசி வரை குழப்பம்தான். ஓலையில் பெயர் ஏற, கால் வேலிக்கு மேல் இறைநிலம் வேண்டும் (வேலி ஒரு நில அளவு, இறைநிலம் வரி கட்டும் நிலம்). தன் மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குக் கீழ். வேதப் பயிற்சி வேண்டும். அரைக்கால் வேலி மட்டுமே உள்ளவராயினும், ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் (உரைநூல்) விளக்கத் தெரிந்தால் அவர் பெயரும் ஏறும். கடந்த மூன்றாண்டுக்குள் வாரியத்தில், அதாவது ஊர் வேலைக் குழுவில், இருந்தவர் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் கூடாது. பிறர் பொருளைத் திருடியவர், பெரும்பாதகம் செய்தவர் என்று பட்டியல் நீளும். வகுப்புக்குக் கணக்கும் உறவும் போதும். பாதகப் பட்டியலை அட்டையில் ஏற்றினால் அந்த அட்டை கிடைத்த பிள்ளையை ஒரு வாரம் கேலி செய்வார்கள்.

தேர்வாகும் 30 பேரில் 12 பேர் சம்வத்சர (ஆண்டு) வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். வாரியம் என்ற சொல்லை விளக்க மின்வாரியம் என்றால் போதும்.

அட்டைகள்

12, 12, 6 என்பது 2, 2, 1 என்ற விகிதம். ஆகவே 30 குடும்புக்குப் பதில் 5 குடும்பு வைத்தால் கணக்கு பிசகாமல் சுருங்கும். 5 குடும்பு, குடும்புக்கு 8 பேர், மொத்தம் 40. மீதி 5 பேரில் ஒருவர் மத்யஸ்தன் (எடுத்த ஓலையை வாங்கி வாசிப்பவர்), நால்வர் நம்பிமார் (கோயில் பூசகர்). வகுப்பில் ஆள் குறைந்தால் ஒருவரே இரண்டு அட்டை வைத்துக்கொள்ளலாம். அட்டையைக் குறைக்கக் கூடாது. குறைப்பவர்கள் பெரும்பாலும் 7, 8-ஆம் அட்டைகளில்தான் கைவைக்கிறார்கள்.

ஒரு ஏ4 தாளை எட்டாக வெட்டினால் ஒரு குடும்பு. ஐந்து நிறத் தாளில் ஜெராக்ஸ் எடுத்தால் கலந்தாலும் பிரிப்பது எளிது. ஒவ்வொரு குடும்பிலும் எட்டு அட்டையின் உள்ளடக்கம் இப்படி அமைய வேண்டும்:

அட்டை 1: வயது 42, அரை வேலி இறைநிலம், சொந்த மனையில் வீடு, வேதம் பயின்றவர்.
அட்டை 2: வயது 50, அரைக்கால் வேலி, சொந்த மனை, ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் சொல்லித்தரக்கூடியவர்.
அட்டை 3: வயது 33, அரை வேலி, மற்றவை எல்லாம் சரி.
அட்டை 4: வயது 64, ஒரு வேலி, மற்றவை எல்லாம் சரி.
அட்டை 5: வயது 60, ஒரு வேலி, சென்ற ஆண்டு ஏரி வாரியத்தில் இருந்தவர், கணக்கு இன்னும் காட்டவில்லை.
அட்டை 6: வயது 38, அரை வேலி, எல்லாத் தகுதியும் உண்டு, ஆனால் 5-ஆம் அட்டைக்காரருக்கு உறவு.
அட்டை 7: வயது 45, ஒரு வேலி, சொந்த மனை, பெண்.
அட்டை 8: வயது 40, பிறர் நிலத்தை உழுபவர், சொந்த நிலமும் மனையும் இல்லை.

ஆறாவது அட்டையில் "தகுதியில்லை" என்று எழுதக் கூடாது. உறவை மட்டும் எழுத வேண்டும், அதுவும் குடும்புக்குக் குடும்பு வேறாக: ஒன்றில் மகன், ஒன்றில் மகளை மணந்த மருமகன், ஒன்றில் மனைவியின் உடன்பிறந்தான், ஒன்றில் உடன்பிறந்தாள் மகன், ஒன்றில் தாயின் தங்கை மகன். கல்வெட்டு இந்தக் கடைசி உறவைச் சிற்றவ்வை மக்கள், பேரவ்வை மக்கள் என்கிறது. சித்தி, பெரியம்மா என்று சொல்லிப் பழகிய பிள்ளைகள் சிற்றவ்வையில் ஒரு நிமிடம் தடுமாறி, பிறகு தாங்களே பிடித்துவிடுவார்கள். பிடிக்கட்டும், முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டாம்.

அட்டையில் சாதிப் பெயர் வேண்டாம். நிலம், மனை, படிப்பு, தொழில் போதும். எந்த அட்டை யாருக்கு என்பதை ஆசிரியர் தீர்மானிக்கக் கூடாது; கவிழ்த்து வைத்து அவர்களே எடுக்க வேண்டும். உழுபவர் அட்டையைத் தெரிந்தோ தெரியாமலோ ஒரு குறிப்பிட்ட பிள்ளையிடம் நீட்டிவிட்டால் அது வரலாற்றுப் பாடமாக இருக்காது, அவமானமாகத்தான் இருக்கும். சதுர்வேதிமங்கலம் பிராமணருக்குக் கொடுக்கப்பட்ட ஊர், சபை அவர்களுடையது, மற்ற ஊர்களில் "ஊர்" என்ற பெயரிலேயே வேறு அவை இருந்தது என்பதை ஆசிரியரே பூசி மெழுகாமல் சொல்லிவிடுவது நல்லது.

முதல் பீரியட்: சல்லடை

விதிகளை ஒரு பக்கத்துக்குள் எழுதிக் குழுவுக்கு ஒரு பிரதி. கல்வெட்டு "அவ்வவ் குடும்பிலாரே கூடி" என்று சொல்வதால் குழு தானே கூடித் தானே முடிவெடுக்கும். 15 நிமிடம். பிறகு பட்டியலைப் பக்கத்துக் குழுவிடம் கொடுத்துத் தணிக்கை, 10 நிமிடம். சரியான விடை எல்லாக் குடும்பிலும் ஒன்றுதான்: 1, 2, 4 உள்ளே, 3, 5, 6, 7, 8 வெளியே. 40 பேரில் 15.

தவறுகள் மூன்று இடத்தில் வரும். முதலாவது அரைக்கால். கிட்டத்தட்ட எல்லாக் குழுவிலும் ஒருவராவது அரையும் காலும் சேர்ந்து முக்கால் என்று கூட்டிவிடுவார். அந்தக் கணக்கில் 2-ஆம் அட்டைக்காரர் பணக்காரர் ஆகிவிடுவார், சலுகை விதி எதற்கு என்றே புரியாது. அரைக்கால் என்பது காலில் அரை, எட்டில் ஒரு பங்கு. ஒரு செவ்வகத் தாளை இரண்டாக மடி, அது அரை. மறுபடி மடி, கால். மறுபடி மடி, அரைக்கால். மூன்றே மடிப்பில் தீர்ந்துவிடும். ஏக்கரில் கேட்பார்கள்: இன்றைய வழக்கில் ஒரு வேலி 6.67 ஏக்கர், ஆகவே கால் வேலி ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். சோழர் கால அளவுகோல் இடத்துக்கு இடம் மாறியது என்பதால் இதைத் தோராயமாகவே கொள்ள வேண்டும்.

இரண்டாவது தவறு உறவு. 6-ஆம் அட்டையை எல்லோரும் உள்ளே விட்டுவிடுவார்கள், ஏனென்றால் அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. இதைத் தணிக்கைக் குழு பிடிக்கும்போதுதான் வகுப்பில் சத்தம் எழும். "மாமனார் கணக்குக் காட்டலேன்னா மருமகன் என்ன சார் செய்வான்?" என்று கேட்பார்கள். பதில் சொல்லாமல், கரும்பலகையில் 5-ஆம் அட்டைக்காரரை நடுவில் வைத்து வட்டம் போடச் சொல்ல வேண்டும். தகப்பன், மகன், உடன்பிறந்தான், தாயின் உடன்பிறந்தான், தகப்பனின் உடன்பிறந்தான், மாமனார், மனைவியின் உடன்பிறந்தான், உடன்பிறந்தாளை மணந்தவன், உடன்பிறந்தாள் மகன், மருமகன், சிற்றவ்வை பேரவ்வை மக்கள், அத்தை மாமன் மக்கள். வரைந்து முடித்ததும் அவர்களுக்கே தெரியும்: ஒருவர் கணக்கை மறைத்தால் கல்யாணப் பத்திரிகையில் பெயர் வரக்கூடிய அத்தனை ஆணும் வெளியே. கணக்குக் காட்டச் சொல்லி அவரை நெருக்குவது அரசனுடைய ஆளாக இருக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே நெருக்குவார்கள்.

மூன்றாவது, 7-ஆம் அட்டை. பெண்ணை விலக்கும் வரி எங்கே இருக்கிறது என்று தேடுவார்கள். கிடைக்காது. விதி அவளைப் பற்றிப் பேசவே இல்லை. உடையான், இருப்பான், வல்லான், அறிவான் என்று விகுதிகள் எல்லாம் ஆண்பால். வேதப் பயிற்சி என்ற நிபந்தனை மிச்சத்தையும் அடைத்துவிடுகிறது. ஒரு வகுப்பில் தமிழ் ஆசிரியரையும் உட்கார வைக்க முடிந்தால் இந்த இடத்துக்காக வைக்கலாம். சில குழுக்கள் "விலக்கு என்று சொல்லாததால் அவளைச் சேர்க்கலாம்" என்று வாதிடும். வாதத்தை முழுக்கக் கேட்டுக் குறித்துக்கொண்டு, பட்டியலிலிருந்து மட்டும் நீக்கச் சொல்ல வேண்டும்.

ஓலை

இரண்டாவது பீரியட்டுக்கு ஓலை தயாராக இருக்க வேண்டும். சார்ட் அட்டையை 12 செ.மீ. நீளம், 2.5 செ.மீ. அகலத்தில் வெட்டினாலும் வேலை நடக்கும். ஆனால் பனை கிடைக்கும் ஊரில் காகிதத்துக்கு இறங்குவது நல்ல வாய்ப்பைக் கைவிடுவதாகும்.

தேவை: 15 பெயர் ஓலை, குடும்புக்கு ஒன்றாக 5 வாயோலை (கட்டின் மேல் வைக்கும் அடையாள ஓலை), ஆக 20. உடைவதற்கும் பிழைக்கும் சேர்த்து 36 வெட்டிக்கொள்ள வேண்டும். முற்றாத ஓலையாகப் பார்த்து வாங்கி, ஈர்க்கை நீக்கினால் ஓர் இதழ் இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு பாதியிலும் மூன்று துண்டு எடுக்கலாம். ஆறு இதழ் போதும், பத்து வாங்கினால் நிம்மதி. மஞ்சள்தூள் போட்ட தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவைத்து, நிழலில் இரண்டு நாள் உலர்த்த வேண்டும். வெயிலில் காயவைத்தால் சுருண்டு, விரித்தால் நரம்போடு பிளக்கும். உலர்ந்த பிறகு கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வைத்தால் தட்டையாகும். நொறுங்குகிற மாதிரி தெரிந்தால் ஈரத்துணியில் சுற்றி இரவு வைத்து எடுத்தால் சரியாகும்.

எழுத்தாணிக்குக் காம்பஸ் முள் போதும், ஆனால் அப்படியே வேண்டாம். கூர்முனை ஓலையைக் கிழிக்கும். முனையைச் சிமென்ட் தரையில் பத்துப் பதினைந்து முறை சுற்றித் தேய்த்து மழுக்கிக்கொள்ள வேண்டும். ஓலையை இடக்கையில் பிடித்து, இடது கட்டைவிரல் நகத்தின்மேல் முள்ளைச் சாய்த்து, கையை நகர்த்தாமல் ஓலையை நகர்த்தி எழுத வேண்டும். முதல் முயற்சியில் நேர்கோடு வரும் எழுத்துகள் உதைக்கும். க, ச, த ஆகியவற்றின் குறுக்குக்கோடு ஓலையின் நரம்போடு ஓடி விரிசலாகும். புள்ளி குத்தினால் ஓட்டை விழும். சுவடிகளில் புள்ளி ஏன் காணாமல் போனது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டியதில்லை. கீறியதும் எழுத்து கண்ணுக்குத் தெரியாது. விளக்குக் கரியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் குழைத்துத் தடவி, துணியால் துடைத்தால் கீறலில் மட்டும் கரி நிற்கும். எண்ணெய் அதிகமானால் ஓலை முழுக்கக் கறுத்துவிடும். இந்த வேலையைப் பழைய செய்தித்தாள் விரித்துத்தான் செய்ய வேண்டும். கரி வெள்ளைச் சட்டையில் பட்டால் எளிதில் போகாது, மறுநாள் பெற்றோர் வந்து நிற்பார்கள்.

1, 2, 4 அட்டைக்காரர்கள் தங்கள் சொந்தப் பெயரையே எழுதலாம். மற்றவர்கள் வாயோலையில் குடும்பின் எண்ணைக் கீறலாம், கட்டலாம், நீளம் சரிபார்க்கலாம். நீளம் முக்கியம். ஓர் ஓலை அரை செ.மீ. நீண்டிருந்தாலும் கை தடவிக் கண்டுபிடித்துவிடும். எல்லாவற்றையும் அடுக்கி, மேசையில் தட்டி, நீட்டிக்கொண்டிருப்பதை வெட்ட வேண்டும். பிறகு குடும்புக்கு மூன்று ஓலை, மேலே வாயோலை, நூல் கட்டு. ஐந்து கட்டு ஆயிற்று.

பானையும் இரவும்

படங்களில் ஒரு பானை இருக்கும். கல்வெட்டில் இரண்டு. முதல் குடத்திலிருந்து ஒரு குடும்பின் கட்டை எடுத்து, அவிழ்த்து, வேறொரு வெறுங்குடத்தில் போட்டுக் குலைத்து, அதிலிருந்துதான் ஓலை எடுக்கிறார்கள். ஏன் என்பதற்கு வகுப்பில் முதலில் தவறாகச் செய்து காட்டலாம். 15 ஓலையையும் அவிழ்த்து ஒரே பானையில் போட்டு ஐந்து எடுத்தால், ஐந்து குடும்பிலிருந்தும் குடும்புக்கொருவர் வருவது எத்தனை தடவை? வழிகள் 3003, அதில் சரியாக அமைபவை 243. நூற்றில் எட்டு. கணக்கு ஆசிரியர் இதை நிகழ்தகவுப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். மூன்று முறை குலுக்கிப் பார்த்தாலே ஒரு குடும்புக்கு இரண்டு பேரும் இன்னொன்றுக்கு யாரும் இல்லாமலும் வந்துவிடும். அப்போது இரண்டாவது பானையை அவர்களே கேட்பார்கள்.

மண்பானை, 8 முதல் 10 லிட்டர், வாய் அகலம் 15 செ.மீ.க்குக் குறையாமல். தண்ணீர்க்குடம் வேண்டாம், சிறுவன் கை உள்ளே போகும், ஓலையோடு வெளியே வராது. கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் டப்பா கூடவே கூடாது. அடியில் புரிமணை (வைக்கோல் வளையம்) வைக்காவிட்டால் மேசையில் உருண்டு உடையும்.

இரண்டாவது பீரியட்டுக்கும் மூன்றாவதற்கும் இடையில் ஓர் இரவு இருந்தால் பானை ஸ்டாஃப் ரூமில் தங்க வேண்டிவரும். அதை மூடி, கயிறு கட்டி, முடிச்சில் மெழுகு உருக்கி ஊற்றி, நம்பிமார் நால்வரும் ஆளுக்கொரு நகக்குறி வைக்கட்டும். மறுநாள் எல்லோர் எதிரிலும் குறியைப் பார்த்து உடைக்க வேண்டும். கயிறு கட்டிய குடத்தின் பொறியை (முத்திரையை) பார்த்து உடைத்து ஓலை எடுக்கும் ஆவண மாக்கள் அகநானூற்றின் 77-ஆம் பாடலில் உவமையாக வருகிறார்கள். போர்க்களத்தில் பருந்துகள் குடலை இழுப்பதற்குத்தான் அந்த உவமை. குடவோலைக்குப் பல நூறாண்டு முந்தைய பாட்டு என்பதைச் சொல்லிவிட்டு, பருந்து பகுதியை 11-ஆம் வகுப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது பீரியட்: அஞ்சு விரல்

சிறியவரும் பெரியவரும் அடங்க மகாசபை கூட வேண்டும். நம்பிமாரில் மூத்தவர் எழுந்து, எல்லோரும் காணும்படி மேலே பார்த்துக்கொண்டு குடத்தைத் தூக்கி நிற்க வேண்டும். மேலே பார்ப்பது உள்ளே பார்க்காமல் இருக்க. ஓலை எடுப்பவன் உள்ளே என்ன இருக்கிறதென்றே அறியாத ஒரு பாலன். 6-ஆம் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையை அந்த நிமிடத்தில்தான் அழைத்துவர வேண்டும். காலையிலேயே சொல்லிவைத்தால் மதியத்துக்குள் யார் பெயரை எடுக்கணும் என்று நாலு பேர் மிட்டாயோடு பார்த்திருப்பார்கள்.

பாலன் எடுத்த ஓலையை மத்யஸ்தன் வாங்கும்போது "அஞ்சு விரலும் அகல வைத்து உள்ளங்கையிலே" ஏற்க வேண்டும் என்கிறது கல்வெட்டு. சுருக்கங்களில் இந்த வரி பெரும்பாலும் இருக்காது, அல்லது சடங்கு மாதிரிப் படித்துவிட்டுப் போவார்கள். அதை விளக்காமல் இப்படிச் செய்யலாம். முதல் குடும்பின் ஓலையை ஆசிரியரே மத்யஸ்தனாக நின்று, சாதாரணமாகக் கைமூடி வாங்கிப் படிக்க வேண்டும். உள்ளங்கையில் முன்பே மடித்து வைத்த வேறொரு ஓலையைப் படிக்க வேண்டும். பெயர் அறிவித்துக் கைதட்டல் அடங்கியதும் இரண்டு ஓலையையும் மேசையில் வைக்கலாம். அதன் பிறகு விதியை வாசித்தால் அஞ்சு விரல் எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். இதற்கு ஓலை 12 செ.மீ. இருந்தால் மறையாது, இந்த ஒரு போலி ஓலையை மட்டும் 6 செ.மீ.க்கு வெட்டி, எண்ணெய் தடவி வளைத்து வைத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த ஓலை வளைக்கும்போதே படக்கென்று ஒடிந்து காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் குலுக்கல் செல்லாது, மறுபடி எடுக்க வேண்டும்.

அடுத்து மத்யஸ்தன் வாசித்த ஓலையை நம்பிமார் ஒவ்வொருவரும் வாங்கி உரக்க வாசிக்கிறார்கள். நால்வர் வாசிக்க அரை நிமிடம். இதை வேகமாக முடிக்கத் தோன்றும், முடிக்க வேண்டாம். ஒரு குடும்புக்கு நான்கு நிமிடம், ஐந்துக்கு இருபது. ஐந்து பெயர் வந்ததும், அனுபவமும் வயதும் உள்ளவர் சம்வத்சர வாரியத்துக்கு இருவர், தோட்டத்துக்கு இருவர், ஏரிக்கு ஒருவர்.

இங்கே நிறுத்துபவர்கள் அதிகம். மீதி இருபது நிமிடத்தில் அடுத்த மூன்று ஆண்டையும் ஓட்டிவிட வேண்டும், இப்போது வாசிப்புச் சடங்கு இல்லாமல் வேகமாக. மூவாட்டு (மூன்றாண்டு) விதியால் இந்த ஆண்டு வந்தவர் வெளியே. இரண்டாம் ஆண்டு குடும்புக்கு இரண்டே ஓலை. மூன்றாம் ஆண்டு ஒன்று. ஒற்றை ஓலையைப் பானையில் போட்டுக் குலுக்கும்போது வகுப்பு சிரிக்கும். நான்காம் ஆண்டு முதலாமவருக்கு இன்னும் தடை தீரவில்லை. பானை காலி என்று ஒருவர் அறிவிப்பார். இன்னொருவர் 3-ஆம் அட்டையைத் தூக்கிக் காட்டுவார். 33 வயதுக்காரருக்கு இப்போது 36. கூடவே 5-ஆம் அட்டைக்காரர் எழுந்து, "எனக்கும் மூணு வருஷம் முடிஞ்சுது" என்பார். முடிந்தது, ஆனால் கணக்கு வரவில்லை.

இப்போதுதான் 919-இன் விதித்தாளைக் கொடுக்க வேண்டும். அதில் வயது 30-க்கு மேல், 60-க்குள். அரைக்கால் வேலிச் சலுகை இல்லை. அதே 40 அட்டையை மறுபடி சலித்தால் 1, 3 மட்டும் மிஞ்சும்: பத்துப் பேர். மூன்றாம் ஆண்டிலேயே பானை காலி. இரண்டு வருடத்தில் விதியை ஏன் திருத்தினார்கள் என்று கேட்டு, ஆளுக்கு ஐந்து வரி எழுதச் சொல்லலாம். ஆள் பற்றாக்குறை என்று எழுதுவார்கள். அது நம் அட்டையின் கணக்கு, உத்தரமேரூரின் கணக்கு அல்ல என்று திருத்துவது ஆசிரியர் வேலை. தீயோர் கெட்டு நல்லோர் பெருக என்பதுதான் கல்வெட்டு சொல்லும் காரணம். அட்டை காட்டுவது ஒரு விதியை மாற்றினால் என்ன நகரும் என்பதை மட்டும்.

உலகின் முதல் ஜனநாயகம் என்ற வாசகம் எப்படியும் ஒரு தாளிலாவது வரும். சிவப்பு மையால் அடிக்க வேண்டாம். ஓரத்தில் 15/40 என்று எழுதித் திருப்பிக் கொடுத்தால் அவர்களே வாசகத்தை மாற்றி எழுதுகிறார்கள். 7, 8-ஆம் அட்டைக்காரர்கள் மூன்று பீரியடும் பார்வையாளராகவே உட்கார்ந்திருந்ததைப் பற்றி எழுதச் சொன்னால் நல்ல தாள்கள் அவர்களிடமிருந்துதான் வரும்.

காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கி.மீ. தூரத்தில்தான் மண்டபம். அழைத்துப் போக முடிந்தால் காலை அல்லது மாலை போக வேண்டும். உச்சி வெயிலில் எழுத்து தெரியாது. டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தால் நிழல் விழுந்து எழுத்து எழும். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதுவும் கல்லில் படக் கூடாது. தேடிப் பிடிக்க "குடும்பு", "வாரியம்" என்ற இரண்டு சொல் போதும்.

கல்வெட்டில் வாரியத்தின் காலம் 360 நாள். பள்ளியில் 36 நாள். ஏரி வாரியத்துக்குக் குடிநீர்த் தொட்டி, தோட்ட வாரியத்துக்குச் செடிகள், சம்வத்சர வாரியத்துக்கு வகுப்பின் பொதுக் காரியம் என்று உண்மையான வேலையைக் கொடுத்து, கையில் 200 ரூபாயும் கொடுக்கலாம். ஒரு நோட்டில் நாலு கட்டம்: தேதி, வரவு, செலவு, யாரிடம் வாங்கியது. 36-ஆம் நாள் கணக்கு வர வேண்டும். வராவிட்டால் என்ன ஆகும் என்று கரும்பலகையில் வரைந்த உறவு வட்டத்தை அழிக்காமல் ஒரு மூலையில் விட்டுவைத்தால் போதும். ஓலைகளை வசம்புத் துண்டோடு துணியில் சுற்றி அலமாரியில் வைக்கலாம். பூச்சி அண்டாது, அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு எழுத்து மாதிரியாகவும் ஆகும்.